நாய் உள்ள வீட்டுக்கு முதல் பறவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நாய் இல்லாத வளவு குறைவு. அந்த வளவுக்கு ஒரு சோடிப் பறவை வாங்க நினைப்பவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது "எது நல்ல சாதி?" என்றுதான். கடைக்குப் போகுமுன் உங்கள் நாயைப் பாருங்கள். எந்தப் பறவை, எவ்வளவு பெரிய கூடு, எங்கே தொங்கவிடுவது என்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்த நாய்தான்.

எங்கள் நாய்க்குப் பறவை ஒத்துவருமா என்று வாங்குமுன்பே அறிய முடியுமா?

முடியும். வளவுக்குள் வரும் அணில், காகம், அடுத்த வீட்டுக் கோழிக்குஞ்சு இவைதான் பரீட்சை. ஒரு கிழமை கவனியுங்கள். அணிலைக் கண்டு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும் நாயோடு பறவை வளர்க்கலாம். துரத்தி ஓடினாலும் நீங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும் நாயை முதலில் ஒரு மாதம் பழக்க வேண்டும். மூன்றாவது வகை நாய் குரைக்காது. உடம்பு விறைத்து, தலை தாழ்ந்து, வாய் மூடி, கண் அசையாமல் நிற்கும். கூப்பிட்டால் காது கூடத் திரும்பாது. குரைக்கிற நாயைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். பறவைக்கு ஆபத்து அந்தச் சத்தமில்லாத நாய்தான். அது வேட்டைக்கு நிற்கும் நிலை.

ஏற்கனவே கோழியைக் கொன்ற நாய் என்றால், கதவு பூட்டக்கூடிய தனி அறை இருந்தால் மட்டும் பறவை வாங்குங்கள். அறை இல்லையென்றால் வாங்க வேண்டாம். ஒன்றரை வயதுக்கு உட்பட்ட நாய்க்குட்டி இருக்கும் வீட்டில் கொஞ்சம் பொறுங்கள். அந்த வயதில் அசைகிற எதுவும் விளையாட்டுப் பொருள்தான்.

சாதியை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். லாப்ரடோர் வேட்டையில் சுட்டு விழுத்திய பறவையை வாயில் மெதுவாகக் கௌவி வரப் பழக்கிய இனம், அதனால் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். 35 கிராம் பறவைக்கு அந்த மெதுவான கௌவலே போதும். பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. நெஞ்சு விரிந்து சுருங்கித்தான் மூச்சு வரும். நெஞ்சை அழுத்திப் பிடித்தால் ஒரு காயமும் இல்லாமலே மூச்சு நின்றுவிடும்.

அப்படியானால் முதல் பறவையாக எதை வாங்கலாம்?

பெரும்பாலான வீடுகளுக்கு எங்கள் பதில் ஒரு சோடி பட்ஜி என்னும் சின்னக் கிளி. அவுஸ்திரேலியாவின் வறண்ட பகுதிப் பறவை என்பதால் நம்மூர் வெயிலை நிழலில் வைத்தால் தாங்கும். எடை 30 முதல் 40 கிராம், ஆயுள் ஐந்து முதல் பத்து வருடம். கையில் எடுத்துப் பழக்காவிட்டாலும் இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு கூட்டுக்குள்ளேயே சந்தோசமாக இருக்கும். நாய் உள்ள வீட்டுக்கு இதுதான் முக்கியம். வெளியே விட்டே ஆக வேண்டும் என்று கேட்கிற பறவை அங்கே தினமும் ஒரு ஆபத்து.

கூட்டுக்கு வெளியே எடுக்கவே போவதில்லை, பார்த்து ரசித்தால் போதும் என்பவர்களுக்கு வரிக்குருவி ஃபின்ச் அல்லது ஜாவா குருவி பொருந்தும். ஆனால் ஃபின்ச் ஒரு நிமிடமும் சும்மா இருக்காது. அந்தப் படபடப்பு வேட்டைக் குணமுள்ள நாயைத் தூண்டிக்கொண்டே இருக்கும். முதல் வகை அமைதியான நாய் உள்ள வீட்டுக்குத்தான் இவை.

கொக்கட்டீல் என்னும் கொண்டைக்கிளி மிக அன்பான பறவை. கையில் ஏறும், விசிலடிக்கும், 15 முதல் 20 வருடம் வாழும். என்றாலும் நாய் உள்ள வீட்டில் முதல் பறவையாக இதை நாங்கள் சொல்வதில்லை. இது தரையில் இறங்கி நடந்து பொறுக்கித் தின்னும் பறவை. வெளியே விட்டால் சீமெந்துத் தரையில் நாயின் மூக்குக்கு நேரே நடந்து போகும். இறகிலிருந்து வெள்ளைத் தூளும் கொட்டும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் அது இன்னொரு தடை.

ஆபிரிக்க லவ் பேர்ட் சிறியது, அழகானது, ஆனால் பயமே இல்லாதது. கூட்டுக் கம்பியில் மூக்கை வைத்த நாயைக் கடித்துவிடும். கடிபட்ட நாய் அடுத்த தடவை மூக்கோடு வராது, பல்லோடு வரும்.

கடையில் "லவ் பேர்ட்ஸ்" என்று தருவது எது?

அனேகமாகப் பட்ஜியைத்தான். நீண்ட வால், தலையிலும் முதுகிலும் மெல்லிய வரிகள், சொண்டுக்கு மேலே மூக்குச் சதை தெரிந்தால் அது பட்ஜி. உண்மையான லவ் பேர்ட் கட்டைவாலும் பெரிய சொண்டுமாகக் குட்டிக் கிளி போல இருக்கும். பெயரைச் சொல்லி வாங்காமல் பறவையைக் காட்டி வாங்குங்கள்.

கிளிக்குஞ்சு கொண்டுவந்து தருகிறேன் என்கிறார்கள். மைனாவும் கிடைக்குமாம். வாங்கலாமா?

வேண்டாம். தென்னம் பொந்திலும் மரப்பொந்திலும் இருந்து எடுத்த குஞ்சுகளில் பல வழியிலேயே வாடிப்போகும். மிஞ்சியதற்கு சரியான சூட்டில் கூழ் ஊட்டுவது முதல்முறை வளர்ப்பவருக்குக் கைவராது. கூழ் கொதித்தால் இரைப்பை வேகும், ஆறினால் செரிக்காமல் புளிக்கும். காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள் வரும் விடயம். கூட்டில் பொரித்து வளர்ந்த பறவையை மட்டும் வாங்குங்கள்.

நல்ல பட்ஜியைக் கடையில் எப்படித் தெரிந்தெடுப்பது?

காலையில் போங்கள், காலை நேரத்தில் சுகமான பறவை சும்மா இருக்காது. பகலில் உடம்பை உப்பிக்கொண்டு கண் சொருகி இருக்கும் பறவையையும், அது இருக்கிற கூட்டில் உள்ள மற்றவற்றையும் விட்டுவிடுங்கள். மூக்குத் துவாரம் உலர்ந்திருக்க வேண்டும். பின்பக்க இறகில் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. சும்மா இருக்கும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால் மூச்சு நோய். கையில் பிடித்து நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி விளிம்பு போலத் துருத்தினால் மெலிந்த பறவை.

நெற்றியில் மூக்குச் சதை வரைக்கும் வரி இறங்கியிருந்தால் அது மூன்று நான்கு மாதத்துக்கு உட்பட்ட குஞ்சு. பழக்க ஏற்ற வயது அதுதான். வளர்ந்த ஆணுக்கு மூக்குச் சதை பொதுவாக நீலம், பெண்ணுக்கு மண்ணிறம். குஞ்சு பெருகுவது வேண்டாம் என்றால் இரண்டு ஆண் வாங்குங்கள், ஒற்றுமையாக இருக்கும். கடைக்காரர் சும்மா தருகிற, முட்டையிடுவதற்கான மண்முட்டியைக் கூட்டில் தொங்கவிடாதீர்கள். முட்டியைக் கண்டால் முட்டையிடத் தொடங்கும். முதல் வருடத்தில் உங்களுக்கும் பறவைக்கும் அந்தப் பாரம் தேவையில்லை.

எவ்வளவு பெரிய கூடு?

ஒரு சோடி பட்ஜிக்கு நீளம் 75 செ.மீ., அகலமும் உயரமும் 45 செ.மீ. குறையக் கூடாது. பறவை பக்கவாட்டில் பறக்கும், அதனால் உயரத்தைவிட நீளம் முக்கியம். கம்பி இடைவெளி 12 மில்லிமீற்றர், அதாவது அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. மேலே போனால் பறவையின் தலை வெளியே வரும், எலியும் பாம்பும் உள்ளே வரும்.

நாய் உள்ள வீட்டுக்கு கடைக்கூட்டில் மூன்று மாற்றம் செய்ய வேண்டும்.

முதலாவது கதவு. கடைக்கூட்டின் கதவு மேலே இழுத்துத் திறப்பது. கூடு ஆடினால் தானே திறக்கும், பட்ஜியும் சொண்டால் தூக்கும். ஒவ்வொரு கதவுக்கும், தீனிப் பாத்திர வாசலுக்கும் சேர்த்து, ஒரு கொக்கி போடுங்கள். இரண்டாவது அடிப்பக்கம். கீழ்க் கம்பியில் இருந்து 5 செ.மீ. தள்ளி இன்னொரு வலை கட்டுங்கள். நாய்கள் பறவையின் கால்விரலைக் கடித்து எடுப்பது அனேகமாகக் கீழிருந்துதான். மூன்றாவது, கூட்டின் ஒரு முனையை மூன்று பக்கமும் பலகையோ தடித்த துணியோ போட்டு மறையுங்கள். நாயின் பார்வையிலிருந்து ஒளிய இடம் இருக்கும் பறவை சீக்கிரம் பயம் தெளியும்.

துத்தநாகம் பூசிய புதுக் கம்பிவலையில் செய்த கூடு என்றால் வினாகிரி தொட்டுத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். புது வலையில் துத்தநாகப் பொடி ஒட்டியிருக்கும், அதை நக்கும் பறவை நஞ்சேறிச் சாகும். கடலோரத்தில் உப்புக் காற்று வலையைச் சீக்கிரம் தின்னும், துருப்பிடித்த வலையை அப்போதே மாற்றிவிடுங்கள்.

இருக்கைக் குச்சி பிளாஸ்டிக் வேண்டாம். கொய்யாக் கொப்பு, வேப்பங் கொப்பு, 10 முதல் 15 மில்லிமீற்றர் தடிப்பில், ஒரே அளவாக இல்லாமல் கட்டுங்கள்.

கூட்டை எங்கே தொங்கவிடுவது?

நாயைப் பின்காலில் நிற்க வைத்து, முன்கால் எட்டும் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். கூட்டின் அடி அதற்கு மேல் 30 செ.மீ. இருக்க வேண்டும். சாதாரண நாட்டு நாய் 1.2 மீற்றர் வரை எட்டும், ஜேர்மன் செப்பேர்ட் இன்னும் நன்றாக எட்டும். பக்கத்தில் கதிரை, வாங்கு, நெல் மூட்டை எதுவும் இருக்கக் கூடாது. அதில் ஏறினால் உங்கள் அளவு வீண். காலுள்ள கூட்டுத்தாங்கி வேண்டவே வேண்டாம். நாய் ஒரு தடவை இடித்தால் முழுவதும் சரியும். கூரை வளையில் அல்லது சுவரில் அடித்த இரும்புக் கொக்கியில் தொங்கவிடுங்கள், கீழே ஒரு கயிற்றால் சுவரோடு இழுத்துக் கட்டுங்கள். ஆடுகிற கூடு பறவைக்கும் பயம், நாய்க்கும் விளையாட்டு.

விறாந்தை என்றால் திசையைப் பாருங்கள். ஐப்பசி முதல் தை வரை மழைச்சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும், அந்தப் பக்கம் கூடு நனையும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று மேற்கிலிருந்து வெக்கையை அள்ளிக்கொண்டு வரும். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் இரண்டு மணிக்கு உங்கள் கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குத் தாங்காத இடம் பறவைக்கும் தாங்காது. வாயைத் திறந்து, செட்டையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு மூச்சுவாங்கினால் உடனே நிழலுக்கு மாற்றி, அகலச் சட்டியில் ஒரு அங்குலத் தண்ணீர் வையுங்கள்.

குசினியில் வைக்காதீர்கள். காரணம் கீழே புகை பற்றிய பதிலில் இருக்கிறது.

நாய்க்கும் பறவைக்கும் எப்படி அறிமுகம் செய்வது?

முதல் மூன்று நாள் பறவை மூடிய அறையில் இருக்கட்டும், நாய் பார்க்கவே வேண்டாம். கூட்டை மூடிய துணியை மட்டும் எடுத்து நாய் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். மணத்துக்கு முதலில் பழகட்டும்.

நான்காம் நாள் நாயை நன்றாக நடத்திக் களைக்க வைத்து, சாப்பாடும் கொடுத்த பிறகு, கழுத்துப் பட்டியும் கயிறும் போட்டுக் கூட்டிவாருங்கள். கூட்டிலிருந்து மூன்று மீற்றர் தள்ளி நிறுத்துங்கள். ஒருவர் நாயோடு, ஒருவர் கூட்டோடு. பறவையைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்த அந்தக் கணத்தில் சின்ன இறைச்சித் துண்டோ கருவாட்டுத் துண்டோ கொடுங்கள். பார்வையைத் திருப்பியதற்குத்தான் கூலி, சும்மா இருந்ததற்கு இல்லை. ஐந்து நிமிடம் போதும், காலையும் மாலையும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை அரை மீற்றர் கிட்டப் போங்கள். நாய் விறைத்தால் அல்லது முனகினால் அடிக்க வேண்டாம், பேசவும் வேண்டாம், ஒரு மீற்றர் பின்னால் போய் மறுபடி தொடங்குங்கள். அடித்தால் பறவையைக் கண்டாலே அடி விழும் என்று நாய் படிக்கும், வஞ்சம் பறவை மேல்தான் திரும்பும்.

பறவையையும் பாருங்கள். இறகை உடம்போடு இறுக்கி ஒல்லியாகி, தூரத்து மூலையில் கம்பியைப் பிடித்துத் தொங்கினால் பயம். அன்றைய பாடம் முடிந்தது. அறிமுகத்துக்குப் பிறகு மூன்று நான்கு மணி நேரம் தீனியைத் தொடாவிட்டால் அடுத்த நாள் தூரத்தைக் கூட்டுங்கள்.

மூன்று கிழமையில் அனேக நாய்கள் கூட்டைச் சுவரில் மாட்டிய படம் போலக் கடந்து போகும். ஆறு கிழமையாகியும் கூட்டுக்குக் கீழே நின்று எச்சில் வடிக்கும் நாயை மாற்ற முயல வேண்டாம், கூட்டைப் பூட்டிய அறைக்கு மாற்றுங்கள்.

நன்றாகப் பழகிவிட்டார்கள். இரண்டையும் ஒன்றாக வெளியே விடலாமா?

ஒரு வருடம் போனாலும், பத்து வருடம் போனாலும், கூடாது. நாய் கெட்டதாக இருக்க வேண்டியதில்லை. பறவை திடீரெனத் தரையில் விழுந்து படபடத்தால் நாயின் வாய் மூளையை முந்தும்.

பறக்க விடாமல் அடைத்தே வைப்பதா?

பழகிய பட்ஜியை ஒரு நாளைக்கு அரை மணி நேரம் அறைக்குள் விடலாம். ஒழுங்கு இதுதான்: நாயை வெளியே கட்டு, கதவைத் தாழ்ப்பாள் போடு, மின்விசிறியை நிறுத்து, ஜன்னல் கண்ணாடிக்குத் திரை போடு, வாளித் தண்ணீரை மூடு, அதன் பிறகு கூட்டைத் திற. வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை தெரியாமல் கதவைத் திறந்தாலே பறவை இறக்கலாம். கதவின் வெளிப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுங்கள், துணி தொங்கினால் பறவை வெளியே.

நாய் பறவையைக் கௌவிவிட்டது. காயம் தெரியவில்லை. என்ன செய்ய?

காயம் தெரியாவிட்டாலும் அன்றைக்கே, முடிந்தால் சில மணித்தியாலத்துக்குள், மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். நாயின் எச்சிலில் இருக்கும் கிருமி ஊசித் துளையளவு காயத்தில் இறங்கி, இரத்தத்தில் பரவி, ஒன்றிரண்டு நாளில் கொன்றுவிடும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து முன்கூட்டியே தொடங்க வேண்டும். "நேற்று நல்லாத்தானே இருந்தது" என்று சொல்ல வேண்டி வருவது இதனால்தான்.

போகும்வரை: துளையிட்ட காட்போட் பெட்டியில் பருத்தித் துணி விரித்து உள்ளே விட்டு மூடுங்கள். இருட்டு அதிர்ச்சியைக் குறைக்கும். வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் ஒரு பக்கம் வையுங்கள், சூடு தேவையானால் பறவையே அந்தப் பக்கம் போகும். நகம் அல்லது வால் இறகில் இரத்தம் வந்தால் சோளமாவைத் தொட்டு மெதுவாக அழுத்துங்கள். உடம்புக் காயத்தில் மாவு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போகும். மனிதருக்குத் தரும் மாத்திரை கொடுக்காதீர்கள்.

என்ன தீனி, எவ்வளவு?

ஒரு பட்ஜிக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு தேக்கரண்டித் தானியம். தினையும் சாமையும் கலந்தால் நல்லது. பட்ஜி உமியை உரித்துப் பாத்திரத்திலேயே போடும். பார்க்க நிறைந்திருக்கும், உள்ளே வெறும் உமி. தீனி இருக்கிறது என்று நினைத்து இரண்டு நாள் விட்டதால் பட்டினியில் இறந்த பறவைகள் ஏராளம். தினமும் காலையில் உமியை ஊதிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

முருங்கையிலை, பொன்னாங்காணி, கங்குங் கீரை தினமும் ஒரு கொத்து. பெரும்போக நெல் பால்பிடிக்கும் காலத்தில் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் பச்சைக் கதிர் கிடைக்கும், பட்ஜிக்கு அதைப் போல விருந்து இல்லை. மருந்தடித்த வயலில் மட்டும் எடுக்காதீர்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கல்லடிக் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைப் பொறுக்கி, இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, வெயிலில் காயவைத்துக் கம்பியில் கட்டுங்கள். ஆனைக்கொய்யா, சொக்லேட், கோப்பி, உப்புப் போட்ட சோறு பறவைக்கு ஆகாது.

மாரியில் ஈரக்காற்றில் தானியம் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு கிழமைக்கு மட்டும் வாங்கிப் போத்தலில் அடையுங்கள். மணந்து பார்த்து மக்கல் வாடை வந்தால் முழுவதையும் கொட்டுங்கள். அதை நாய்க்கும் போடாதீர்கள்.

நுளம்புத் திரி கொளுத்தலாமா?

பறவை இருக்கும் அறையில் கூடாது. பறவையின் மூச்சு நம்முடையதைவிட மிக ஆழமாகக் காற்றை உறிஞ்சும், நமக்கு இருமல் வருகிற புகை அதற்கு உயிர்ப்பயம். இரவில் கூட்டுக்கு நுளம்பு வலை போடுங்கள். டெங்குக் காலத்தில் தெருவுக்குப் புகையடிக்க வருகிற சத்தம் கேட்டால் கூட்டை உள்ளே எடுத்து ஜன்னலைப் பூட்டுங்கள். ஒட்டாத தாச்சி வெறுமையாக அடுப்பில் காய்ந்தால் வரும் வாயு, மணமே இல்லாமல், சில நிமிடத்தில் பறவையைக் கொல்லும். குசினி வேண்டாம் என்றது அதனால்தான்.

நாய்க்கு உண்ணி மருந்து தெளிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். வளவின் மறுகோடியில் தெளித்து, முழுதாகக் காய்ந்த பிறகே நாயை வீட்டுக்குள் விடுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே கூட்டைத் தொடுங்கள்.

கூட்டுக்குக் கீழே விழுவதை நாய் தின்கிறது. பரவாயில்லையா?

பழக்க விடாதீர்கள். எச்சத்தில் சல்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். அதைவிட, தீனி விழுகிற இடம் என்று நாய் கூட்டுக்குக் கீழேயே குடியிருக்கத் தொடங்கும். கூட்டைச் சுற்றிக் கீழ்ப்பாதிக்கு நுளம்பு வலைத் துணி கட்டினால் உமி சிந்தாது. அடித்தட்டுக் கடதாசியைத் தினமும் மாற்றுங்கள், தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பிறகு எடுங்கள். காய்ந்த எச்சத் தூசியால் மனிதருக்கும் நுரையீரல் காய்ச்சல் வரலாம். காய்ச்சலும் இருமலும் விடாவிட்டால் வீட்டில் பறவை இருப்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வெடிச்சத்தத்துக்கு நாயும் பறவையும் சேர்ந்து கலங்குகின்றன.

கோயில் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் இது எல்லா வீட்டிலும் உண்டு. நாய் குரைக்கப் பறவை இருட்டில் கூட்டுக்குள் அடித்துக்கொண்டு செட்டையை முறிக்கும். இரண்டையும் வேறு வேறு அறையில் வையுங்கள். கூட்டை மூன்று பக்கம் மூடி, ஒரு சின்ன இரவு விளக்கை எரியவிடுங்கள். கம்பி தெரிந்தால் பறவை மோதாது.

வெள்ளம் வந்தால் என்ன செய்வது?

2011 ஜனவரி வெள்ளம் போல வந்தால் 75 செ.மீ. கூட்டைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. 30 செ.மீ. அளவில் ஒரு கைக்கூடு மழைக்காலத்துக்கு முன்பே வாங்கி, மாதம் ஒரு தடவை அதற்குள் தீனி வைத்துப் பறவையைப் பழக்குங்கள். அதோடு ஒரு போத்தலில் ஐந்து நாள் தானியம், இரண்டு இருக்கைக் குச்சி, கூட்டை மூட ஒரு தடித்த துணி, நாயின் கயிறு, வாய்ப்பூட்டு, ஊசி போட்ட அட்டை எல்லாம் ஒரே பையில் உயரத்தில் கிடக்கட்டும். ஓட்டோவில் போகும்போது துணி போட்ட கைக்கூடு ஒருவர் மடியில், நாய் மற்றவரின் காலடியில், கயிறு கையில் இரண்டு சுற்றுச் சுற்றி. தங்கும் இடத்தில் கூட்டை ஆணியில் மாட்டிய பிறகுதான் நாயின் கயிற்றைத் தளர்த்த வேண்டும்.